அரிமளத்துக்குப் போன கடைசித் தாள்

சனிக்கிழமை காலை 6.40க்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருக்கிறோம், அன்றைக்குத்தான் காங்கிரீட். “கொத்தனாரை விடப் பேய் முக்கியமா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். நாங்கள் நான்கு நண்பர்கள், பழைய கறுப்பு வெள்ளைப் பேய்க் காமிக்ஸ்களைத் தேடிப்பிடித்து ஒரே தொகுப்பாக மறுபதிப்புச் செய்கிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு கதைக்கு மட்டும் முடிவு இல்லை. கிடைத்த ஐந்து பிரதிகளிலும் கடைசித் தாளைக் காணோம். பங்களாவில் புகுந்த பேய் கடைசியில் என்ன ஆயிற்று என்பது பத்து வயதிலிருந்து என்னை அரிக்கும் கேள்வி. அரிமளத்தில் கருப்பையா என்பவரிடம் ஆறாவது பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

கீரனூர் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. புதுக்கோட்டையில் இரண்டு இட்லி, ஒரு வடை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சுமார் இருபது கிலோமீட்டர். 9.15க்கு அரிமளம்.

கருப்பையா புத்தகத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இதிலும் கடைசித் தாள் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அந்தத் தாளா சார்? இங்கிட்டு வாங்க.”

பக்கத்தில் பாதி எழும்பிய புது வீடு. நிலைக்கு மேலே, பூசணிக்காய்க்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் பல்லை இளித்துக்கொண்டிருந்தது என் பேய். பக்கம் முழுக்க ஒரே மூஞ்சி. திருஷ்டிக்காம். மற்ற ஐந்து தாள்களும் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

“கழட்டித் தாங்க, பின்பக்கம்தான் கதையோட முடிவு. போன்ல எடுத்தா அச்சுக்கு ஆகாது, ஸ்கேன் பண்ணணும்.”

“குடிபோற வரைக்கும் எறக்கக் கூடாதுங்க,” என்றார் அவர் மனைவி வள்ளி. “முடிவு என்னாத்துக்கு? மூஞ்சிதான முக்கியம்?”

கெஞ்சினேன். வள்ளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்த எடம் சும்மா இருக்கக் கூடாது. இவரு கடைத்தெருவுல ஸ்கேன் பண்ணிட்டு வர வரைக்கும் நீங்க நில்லுங்க.”

9.50 முதல் 10.35 வரை ஸ்டூல் மேல் நின்றேன். கன்னத்தில் கரிப்பொட்டு. “இன்னுங் கொஞ்சம் மொறைங்க சார்,” என்று வள்ளி திருத்தினார். பால் கேனோடு போன ஓர் அம்மா நின்று பார்த்தார். “என்ன வள்ளி, படத்த மாத்திட்டியா? முன்ன இருந்ததே தேவல.”

கருப்பையா ஸ்கேனோடு வந்தார். நின்றபடியே முடிவைப் படித்தேன். விரட்ட முடியாத பேயை, பங்களாக்காரர் வாசலில் காவலுக்கு வைத்துவிடுகிறார்! ஸ்டூலிலேயே குதிக்கப் பார்த்தேன்.

“இதத்தான சார் நாங்களும் செஞ்சோம்,” என்றார் வள்ளி.

தொகுப்பு வந்துவிட்டது. என் பிரதியில் அந்தக் கதையை ஆசையாகப் புரட்டினேன். கடைசித் தாளைக் காணோம். ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன்; மாடிச் சாரத்தில் அது பல்லை இளித்தது.

“முடிவுதான் உங்களுக்குத் தெரியுமே,” என்றாள் மனைவி.