கன்னத்தில் விழுந்த சொட்டு

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள், எனக்குச் சொன்ன வேலை நடப்பதுதான். ஆபரேஷனுக்குப் போகிறவர்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் தோளில் அடுத்தவர் கையை வைக்கச் சொல்லி, முன்னால் நான் நடக்க வேண்டும். பின்னால் ரயில் மாதிரி வருவார்கள். சின்ன வயதில் நீங்கள் இருவரும் “அப்பாவுக்கு என்ன வேலை?” என்று கேட்டபோது “என்ஜின்” என்று சொன்னேனே, அது இதுதான்.

இப்போது ஓய்வு பெற்று ஒத்தக்கடை வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறேன். அந்த வரிசையில் வந்தவர்களில் ஒருவர் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்.

வாசலைப் பார்த்தவர்

சோணைமுத்து அண்ணனுக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி. பிள்ளை இல்லை. கண்ணுக்கு மருந்து போட்டுவிட்ட மனைவியும், அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த வருடம் இறந்துவிட்டார்.

அவருக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் பிரஷர் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும். இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு ஜன்னல் அளவுதான் மிச்சம். முன்பு செய்த ஆபரேஷன் தழும்பேறி அடைத்துக்கொண்டது. இனி டியூப் வைப்பதுதான் வழி என்று முடிவானது.

துணைக்கு ஆள் இல்லாமல் வார்டில் சேர்க்க மாட்டார்கள். அக்கா மகன் திருப்பூரிலிருந்து வருவதாகச் சொல்லி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை.

“துணை யாருன்னு சிஸ்டர் கேக்குறாக தம்பி. உன்னையச் சொல்லவா?”

“சொல்லுங்கண்ணே. ராத்திரி குறட்டை மட்டும் விடாதீக.”

“அது எங் கையிலயா இருக்கு?” என்று சிரித்தார்.

நூல் கரையும் வரை

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “கண்ணோட வெள்ளைப் பகுதி மேல, இமைக்குள்ள மறைவா, ஒரு சின்னத் தகடு வைப்போம்யா. அதுலருந்து மெல்லிசா ஒரு டியூப் கண்ணுக்குள்ள போகும். உள்ள தேங்குற தண்ணி அது வழியா வந்து வடிஞ்சிரும்.”

“மடைதானம்மா?”

“மடையேதான். ஆனா உடனே திறக்க மாட்டோம். தகட்டைச் சுத்திச் சவ்வு வளரணும். அதுவரைக்கும் டியூப்பை நூலால கட்டி வைப்போம். சில வாரத்துல நூல் தானா கரைஞ்சு திறந்துக்கும்.”

“புதுக் கரை இறுகுறதுக்கு முன்னாடி தண்ணி விட்டா கரையே போயிரும். சரிதாம்மா.”

“அதுவரை பிரஷரைப் பிடிச்சு வைக்கிறது சொட்டு மருந்துதான். விட்டுறாதீங்க.”

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள். கட்டு அவிழ்ந்ததும் “தெரியுது, தெரியுது” என்று ஒரே சத்தமாக இருக்கும். “ஆத்தி, டாக்டரம்மா இம்புட்டு அழகா இருக்காக!” என்று ஒரு அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சோணைமுத்து அண்ணன் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

“நேத்தைக்குப் பாக்க இப்ப மங்கலாத்தான் இருக்கு தம்பி.”

“போன பார்வை திரும்பி வராதுய்யா. இருக்கிறது போகாம இருக்கத்தான் இது” என்றார் டாக்டரம்மா. அண்ணன் தலையாட்டினார். மதியச் சாப்பாட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவர் ஊருக்குப் போன பிறகு தினம் சாயங்காலம் போன் போடுவேன்.

“மருந்து போட்டீகளாண்ணே?”

“போட்டேன் தம்பி.”

பிறகு கண்மாயில் எம்புட்டுத் தண்ணி கிடக்கிறது என்று சொல்லுவார். உங்கள் அம்மா போய்ச்சேர்ந்து, நீங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போயிருந்த சமயம். அவருக்காகப் பேசினேனா, எனக்காகப் பேசினேனா, தெரியவில்லை.

ஒருநாள் குரல் உற்சாகமாக இருந்தது. “கண்ணு வலிக்குது தம்பி, தலையும் சேந்து வலிக்குது. மடை திறக்கப் போகுதுபோல.”

எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, காலையில் திருமங்கலம் வழியாகப் பஸ் ஏறினேன்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்து பாட்டில் முக்கால் காலி. தவறாமல்தான் போட்டிருக்கிறார்.

“என் முன்னாடி ஒரு தடவை போடுங்கண்ணே.”

முகத்தை அண்ணாந்து, பாட்டிலைத் தூக்கிப் பிடித்து அமுக்கினார். சொட்டு இமைக்குக் கீழே கன்னத்தில் விழுந்து, மீசைக்குள் ஓடியது.

“பாத்தியா, போட்டுட்டேன்.”

“உள்ள விழுந்துச்சுன்னு எப்பிடிண்ணே தெரியும்?”

“அதான் குளுகுளுன்னு இருக்கே.”

பாட்டிலை வாங்கி, இமையை இழுத்து நான் ஒரு சொட்டு விட்டேன். துள்ளிவிட்டார். “ஏ, எரியுதுப்பா!”

“மருந்து எரியும்ணே.”

பாட்டிலை வாங்கித் தடவிப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில எரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்தப்பறம் எரியல. புண்ணு ஆறிருச்சுன்னு நெனச்சேன்.” பிறகு மெல்லக் கேட்டார்: “அப்ப இம்புட்டு நாளும்?”

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே” என்று சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது, நான் சொல்லாமலே என் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

டீக்கடை

பிரஷர் கடுமையாக ஏறியிருந்தது. உடனே படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, சிஸ்டர்களே மருந்து போட்டார்கள். டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. “போட்டுக் காட்டச் சொல்லி நாமளும் பாக்கலையே” என்றார். அதிலிருந்து எங்கள் வார்டில், தன் கையால் மருந்து போட்டுக் காட்டாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அவர் வார்டில் இருக்கும்போதே நூல் கரைந்து டியூப் திறந்தது. பிரஷர் இறங்கியது. ஜன்னல் கொஞ்சம் சுருங்கிவிட்டது, மூடிப்போகவில்லை.

ஊரில் கொண்டுபோய் விட்டபோது, பஸ் ஸ்டாப்பில் டீக்கடை நடத்தும் செல்வி என்ற பெண்ணிடம் மருந்தைக் கொடுத்து, போடும் விதத்தைக் காட்டினேன். “தாத்தா, வாயத் தொறக்காதீக, கண்ணத் தொறங்க” என்று முதல் நாளே அதட்டினாள். விட்டதும் “விழுந்துருச்சு” என்றாள்.

அதற்குப் பிறகு நான் போன் போட்டால் பின்னால் கடைச் சத்தம் கேட்கும். “செல்வி கூப்புடுறா தம்பி, வைக்கிறேன்” என்பார். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், பிள்ளைகளா. தனியாக இருக்கிற ஆளிடம் போனில் கேட்டால் மட்டும் போதாது. ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சோணைமுத்து அண்ணன் “போட்டேன்” என்றது பொய் இல்லை.

நீங்களும் தினம் “நல்லா இருக்கீங்களாப்பா?” என்று கேட்கிறீர்கள். நல்லா இருக்கேன் என்கிறேன். அவரைப் போலவே நானும் அதை நம்பித்தான் சொல்கிறேன்.