தனலெட்சுமி டீச்சருக்காக நின்ற மேளம்

சனிக்கிழமை காலை கோலா சிலாங்கூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரர் வெட்டிக்கொண்டிருக்கும்போது சேகர் அழைத்தார். சேகர், எங்கள் தனலெட்சுமி டீச்சரின் தம்பி. காரணமில்லாமல் அழைக்கிறவர் இல்லை. "அக்கா போயிட்டாங்க டீச்சர். தூக்கத்துலேயே" என்றார்.   வெட்டச் சொன்ன மீனை அப்படியே விட்டுவிட்டுக் காருக்கு வந்து உட்கார்ந்தேன். பின்னால் ஒருவர் ஹார்ன் அடிக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டும் என்பதே நினைவில் இல்லை.

ஈஜோக் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் அவரும் நானும் ஒரே ஆசிரியர் அறையில் பல ஆண்டுகள் பக்கத்து மேசைகளில் இருந்தோம். அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இப்படி ஒரு பெண்மணி நம் நடுவில் இருந்துவிட்டுப் போனார் என்று நாலு பேருக்காவது தெரிய வேண்டும்.

அவர் பணிக்கு வந்த முதல் நாள், யாரோ மாணவியின் அக்கா என்று நினைத்து, வெளியே காத்திருக்கச் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர். அவ்வளவு சிறிய உருவம். டீச்சரும் கோபிக்காமல் வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மணி அடித்ததும் எழுந்து நேராக வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டதை நாங்கள் பல வருடம் சொல்லிச் சிரித்தோம்.

அவருக்குக் குழந்தையிலிருந்தே தலசீமியா. உடம்பு தானாகச் செய்கிற ரத்தம் நிற்காமல் அழிந்துபோகும். அதனால் மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போய்ப் பிறர் கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஏற்றுகிற ரத்தத்திலிருக்கும் இரும்புச் சத்து இதயத்திலும் ஈரலிலும் போய்த் தங்கும். அதை வெளியேற்ற வேறு மருந்து. எலும்பும் வலுவிழக்கும். பத்து வயதைத் தாண்டுவது கடினம் என்று ஒரு மருத்துவர் அவருடைய அம்மாவிடம் சொன்னாராம். அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனாராம். எந்தத் தைரியத்தில் போனார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரத்தம் ஏற்றிவிட்டு வரும் மறுநாள் டீச்சர் மிகவும் உற்சாகமாக இருப்பார். முகத்தில் நிறம் திரும்பியிருக்கும், குரல் இரண்டு வகுப்பு தாண்டிக் கேட்கும். "இந்த மாசம் யாரோ சீன அங்கிள் குடுத்திருக்காரு போல டீச்சர், காலையிலேருந்து மீ சாப்பிடணும்னு இருக்கு லா" என்பார். மீ என்றால் நூடுல்ஸ். இன்னொரு மாதம் யாரோ மலாய்க்காரர் கொடுத்தார் என்று மிளகாய்ச் சம்பல் கேட்பார். புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி அதை உண்மை என்றே நம்பி, ரத்தம் ஏற்றினால் எனக்கும் அப்படி ஆகுமா என்று மருத்துவமனைத் தாதியிடம் கேட்டுவிட்டு வந்தாள். ஊசியைக் கண்டால் மயங்குகிற என்னைக்கூட இழுத்துப்போய் ரத்ததானம் செய்ய வைத்தவர் அவர். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று பள்ளிக் கிசுகிசு எல்லாம் சொல்லி முடித்தார்.

ஆறாம் வகுப்புக்குக் கணிதம் அவருடைய பாடம். நின்றுகொண்டுதான் நடத்துவார். கடைசி வரிசைப் பையன் கணக்கில் எங்கே தடுமாறுகிறான் என்பதை அவன் மேசைக்கே போய்ப் பார்ப்பார். உட்கார்ந்த இடத்திலிருந்து பாடம் நடத்துகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. இதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் இடுப்பு மூட்டு போனது. முதலில் சுளுக்கு என்றோம். ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்து கொடுத்தோம். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். பிறகு ஒவ்வொரு படியிலும் நின்றார். படம் எடுத்துப் பார்த்தபோது தொடை எலும்பின் தலைப்பகுதி நொறுங்கிப்போயிருந்தது. ஆறாம் வகுப்பு மாடியில் இருந்ததால் அவரைக் கீழே ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அன்று மத்தியானம் தன் மேசையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அழுதார். நான் பார்க்காததுபோல் புத்தகம் திருத்தினேன்.

மூட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் யார் மாற்றுவது? ஒரு மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். அறுவையில் ரத்தம் நிறைய போகும். போனதை ஈடுகட்ட வேண்டும். டீச்சருடைய உடம்போ, இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேருடைய ரத்தத்தை ஏற்று ஏற்று, இப்போது பெரும்பாலான ரத்தத்தை எதிரியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வகை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குள்ளும் பல நுணுக்கங்கள் பொருந்த வேண்டும். இதயமும் முன்பு போல் இல்லை. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பெண் மருத்துவர் ஒப்புக்கொண்டார். மயக்கத்திலிருந்து எழாமல் போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பொருந்துகிற ரத்தம் போதுமான அளவு சேரும்வரை காத்திருக்க வேண்டும், சேர்ந்ததும் உடனே அழைப்போம், அழைத்தால் அன்றே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாமே என்றேன். சக்கர நாற்காலியில் இருந்தால்கூட நீங்கள் இருப்பீர்களே என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"பத்து வயசோட முடிஞ்சிடும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் எனக்குப் பள்ளி லீவு மாதிரி டீச்சர். லீவுல போயி யாராச்சும் வீட்டுலேயே உக்காந்திருப்பாங்களா?"



மாதங்கள் போயின. அழைப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு. ரத்தம் சேர்ந்துவிட்டது, மாலைக்குள் வந்து படுத்துவிட வேண்டும் என்றார்கள். டீச்சரின் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது. அன்று மாலைதான் அவர்கள் குடியிருந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு.

அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டும் நேரத்தில் தோட்டத்துக்குள் இருப்பவர்கள், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. ரவாங்கில் வேலை செய்கிறவர்கள்கூட அந்த நாள்களில் இரவு வீடு திரும்பிவிடுவார்கள். பூசாரி இதில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. போதாக்குறைக்கு அப்பா இறந்த பிறகு அந்த வீட்டின் சார்பில் காப்புக் கட்டிக்கொள்வது சேகர்; கயிறு கட்டியவர் பகலில்கூடத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

என் காரில்தான் டீச்சரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். பையில் துணி எடுத்து வைப்பதற்குள் மேளக்காரர்கள் கோயிலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேளம் எழுந்தால் காப்புக் கட்டு தொடங்கிவிட்டது என்று கணக்கு. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. அம்மா வாசலில் குறுக்கே நின்றார். அம்மன் காப்பு கட்டுகிற வேளையில் எல்லை தாண்டிக் கத்திக்குப் போக வேண்டாம், திருவிழா முடியட்டும், வேறு தேதி கேள் என்று மன்றாடினார். மகள் பத்து வயதைத் தாண்டியது அந்த அம்மனால் என்று நம்புகிறவர் அவர். அவரிடம் போய் என்ன வாதாடுவது? சேகரோ, நான் காப்புக் கட்டவில்லை, அக்காவோடு போகிறேன் என்கிறார். அதைக் கேட்டு அம்மா இன்னும் நடுங்கினார்.

 டீச்சர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தார். வீட்டிலிருந்து கோயில் பக்கம்தான். ஆனால் அவர் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கே தோட்டமே கூடியிருந்தது. பூசாரி மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் முன்னால் போய் நின்றார். தரையில் உட்கார முடியாது, குனியவும் முடியாது.

"மாமா, எனக்குப் பொருந்துற ரத்தத்த இத்தன மாசமா தேடிச் சேத்து வச்சிருக்காங்க. ரொம்ப நாளு வச்சிருந்தா கெட்டுப் போயிடும். ஆத்தாவுக்காக நான் நிப்பேன். அந்த ரத்தம் நிக்காது."

பூசாரி கயிற்றுத் தட்டைக் கீழே வைத்தார். அவர் கோபக்காரர் என்பதால் நான் தயாராக நின்றேன், ஏதாவது சொன்னால் நானும் சொல்லிவிடுவது என்று. அவர் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"அவ எல்லை தாண்டட்டும். அதுக்கப்புறம் அடிங்க."

நல்ல நேரம் முடியப்போகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். பூசாரி அந்தப் பக்கம் பார்த்த பார்வையில் அதுவும் நின்றுபோனது. பூசாரியே சொன்ன பிறகு அம்மா தடுக்கவில்லை; டீச்சரும் அவரும் என் காரில் ஏறினார்கள். சேகர் கதவருகில் நின்றார். கூட வரட்டுமா என்று மறுபடி கேட்டார். டீச்சர் அவர் கையைப் பிடித்து, "நீ கட்டிக்க தம்பி. நான் திரும்பி வந்ததும் அவுத்துக்கலாம்" என்றார். அது நடக்காமல் போகலாம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

செம்மண் சாலையின் இரண்டு பக்கமும் சனம் நின்றது.  தோட்டத்து நுழைவாயில் வளைவைத் தாண்டிப் பெரிய சாலையில் வண்டியைத் திருப்பினேன். பின்னால் மேளம் எழுந்தது. அம்மா கும்பிட்டார். டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன். ஒரு பெண்மணிக்காக ஒரு சாமி காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். 

அறுவை நீண்டது. நடுவில் இதயம் தடுமாறியது என்று பிறகு சொன்னார்கள். சேர்த்து வைத்த ரத்தத்தில் பெரும்பங்கு போய்விட்டது. அம்மாவும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். தோட்டத்தை விட்டு வர முடியாத சேகர் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்தது. கடைசியில் மருத்துவர் வெளியே வந்து சிரித்தபோது அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சில நாள்களில் டீச்சரை எழுப்பி நிற்க வைத்தார்கள். மூட்டு நொறுங்கியதிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தே நின்றவர், நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நின்று தன் காலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தரை சமமா இருக்கு டீச்சர். நீங்கல்லாம் இப்படியா நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

அன்றுதான் நான் அவர் முன்னால் அழுதேன்.

டீச்சர் வீடு திரும்பும்வரை சேகர் காப்பை அவிழ்க்கவில்லை. திருவிழா முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. பூசாரியும் கேட்கவில்லை. பிறகு டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. கோயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கென்றே வந்தது. மற்றவர்கள் தரையில், அவர் மட்டும் நாற்காலியில். "இப்பதான் நான் பெரிய மனுசி" என்று சிரிப்பார். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பைக் கேட்டு வாங்கி, மாடி ஏறிப் போய், நின்றுகொண்டே பாடம் நடத்தினார். சில ஆண்டுகள் அப்படிக் கிடைத்தன. பிறகு இதயம் மெல்லத் தளர்ந்தது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் அதைப் பற்றிப் பேச விரும்பியதில்லை. மாணவர்களின் தேர்வைப் பற்றியே பேசினார்.

கிள்ளான் பக்கத்துச் சுடலையில் தகனம் நடந்தது. மறுநாள் காலை எலும்பு பொறுக்கச் சேகரோடு அம்மாவும் வந்தார். பெண்கள் வருவது வழக்கமில்லை. அம்மாவைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, கூட வந்த என்னையும்தான். சாம்பலிலிருந்து எடுத்த எலும்புகளைச் சேகர் வெள்ளைத் துணியில் காலிலிருந்து தலைவரை வரிசையாக வைத்தார். நெருப்பில் எதுவும் ஆகாமல் அந்த உலோக மூட்டு அப்படியே கிடந்தது. அங்கே வேலை செய்கிறவர் அதை எடுத்து, "இது எலும்பு இல்லம்மா, ஓரமா வச்சிடலாம்" என்றார்.

அம்மா அதைக் கையில் வாங்கி, முந்தானையால் சாம்பலைத் துடைத்து, இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

"எம்மவ ஒடம்புல அவளுக்கு வலிக்காத எலும்பு இது ஒண்ணுதான்யா" என்றார்.

வேலை செய்கிறவர் விலகி நின்றார். சேகர் எல்லாவற்றின் மேலும் பாலை ஊற்றினார். போய் வாருங்கள், தனலெட்சுமி டீச்சர். நன்றாக நடந்து போங்கள்.