நல்லா இருக்கேனுங்க

கணபதி பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பதினான்கு காலடி. அன்று வாசலில் நின்ற மனைவி என் காலையே பார்த்தாள்.

“ஏனுங்க, ஒத்தச் செருப்போட வாரீங்க?”

இடது செருப்பு எங்கோ கழன்றிருந்தது. எத்தனையாவது காலடியில் என்று தெரியவில்லை. செருப்பு போனதைவிட அதுதான் என்னை உறுத்தியது.

அந்த மாதமே இரண்டு முறை மொபெட்டோடு சாய்ந்தேன். பெங்களூரிலிருந்து வந்த மகன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டான்.

“வயசாயிருச்சுங்கப்பா. எழுபத்திரண்டுல வண்டி எதுக்குங்க?”

“எழுபத்தொண்ணு, மூணு மாசம்” என்றேன். சாவி அவன் பைக்குள் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மாத்திரை) சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதிர அதிர என் கால் கட்டைவிரலில் வைத்தார்.

“அதிருதுங்களா?”

“இல்லைங்க.”

“எத்தன நாளா மரத்துக் கெடக்குது?”

“பதினாலு மாசமுங்க.”

“நடுவுல நாலு தரம் வந்தீங்களே! நாலு தரமும் நல்லா இருக்கேனுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க!”

“எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. கேக்கறவங்ககிட்ட வேற எப்படிங்க சொல்றது?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பதினான்கு மாதங்களைக் கொடுத்திருக்கிறேன்.

கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்தேன். இரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் மிகக் குறைவு. அந்தச் சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டால் சிலருக்கு பி12 உடம்பில் சேர்வது குறையுமாம். கறி, மீன், முட்டையில் அது உண்டு. எங்கள் வீட்டில் பாலும் தயிரும் மட்டுமே. பி12 குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள உறை கெடும். காலுக்குத் தரை தெரியாது.

“சத்து ஊசிதானுங்களா?” என்று மகன் போனில் இளப்பமாகக் கேட்டான். ஆமாம், சத்து ஊசிதான். வயசு என்று அவன் முடித்து வைத்ததை அது திறந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு ஊசி, பிறகு வாரம் ஒன்றாக நான்கு. இப்போது தினம் ஒரு பி12 மாத்திரை. என்னைப் பார்த்து யாரும் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். குறை இருப்பவருக்குத்தான் அது மருந்து. மரப்புக்குச் சர்க்கரையே காரணமாகவும் இருக்கலாம். முதலில் பரிசோதனை. அதற்கும் முதலில், வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லுங்கள்.

ஐந்தாம் மாதம் வலது கட்டைவிரலில் கவையின் அதிர்வு ஆறு விநாடி தெரிந்தது, இடதில் நான்கு. இரண்டு சுண்டுவிரல்களிலும் ஒன்றுமில்லை.

“அது திரும்பாமயும் போகலாமுங்க” என்றார் டாக்டரம்மா. வண்டி ஓட்டச் சம்மதித்தார்.

மகன் நம்பவில்லை. அடுத்த முறை வந்தபோது கூடத்தில் கண்ணை மூடி நின்றேன். “எண்ணுடா.”

அறுபதுவரை எண்ணினான். நான் அசையவில்லை.

“அறுபத்தெட்டு” என்றேன். “நீ இழுத்து இழுத்து எண்ணறே.”

“சாவியக் குடுத்துரு சாமி. இல்லீனா மறுக்கா எண்ணச் சொல்லுவாரு” என்றாள் மனைவி.

சாவி ஆணிக்குத் திரும்பியது.

முன்பு எனக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று எண்ணுவேன். இப்போது கவையின் அதிர்வு என் விரலில் தெரியும் விநாடிகளை எண்ணுகிறேன், அவை கூடுகின்றன. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் வண்டியை நிறுத்திச் சொல்கிறேன்:

“எட்டு வெரல் நல்லா இருக்குதுங்க. ரெண்டு இல்லைங்க.”