எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நான் அடகு

எங்கள் குடும்பத்தில் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு, நிலத்தை அடகு வைத்தவர்களும் உண்டு. ஆளாகவே அடகு போனவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில், பேகம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அது நடந்தது. வைத்தவள் என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. அகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வடிவமைத்து டவுன் அச்சகங்களுக்கு அனுப்புவாள். பிள்ளையாரை எங்கே வைத்தால் தாய்மாமன்மார் பெயர் அத்தனையும் அடங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. தொல்லை கொடுத்தது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த எஸ்.எம்.பி.எஸ். வீட்டு மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பக்குவமாகப் பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டி அது. மதியம் மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வீட்டு ட்யூப்லைட் மங்கும். அந்த நேரம் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். கருகிவிடும். ஒரே கோடையில் இரண்டு போய்விட்டன.

அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்னொன்று கருகினால் கம்ப்யூட்டர் பழைய இரும்புக் கடைக்கு, அத்தை நூல் மில் வேலைக்கு. மில்லில் ஆளிடம் சொல்லியும் வைத்துவிட்டார். வேன் வீட்டு வாசலுக்கே வரும் என்பதை ஏதோ பெரிய சீர் செய்பவர் போலச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குப் போனதும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடைக்கார பாய் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவதன் மேல் வாட் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அத்தை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமே இல்லையே என்றாள். இரண்டாவது கனமாக இருந்தது, வயர்களும் தடிமன். மூன்றாவது வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் ஓடும் என்று பாய் அதன் லேபிளைக் காட்டினார். கருகிப்போன இரண்டிலும் இப்படித்தான் என்னென்னவோ எழுதியிருந்தது என்றாள் அத்தை. பாய் சளைக்காமல் மூன்றையும் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டினார். மூன்றும் சமர்த்தாக ஓடின. டவுன் மின்சாரத்தில் எதுதான் ஓடாது?

அப்போதுதான் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் யாரும் கேட்டிராத ஒன்றை அத்தை கேட்டாள்.

"மூணையும் குடுங்க பாய். வீட்டுல மாட்டிப் பாத்துட்டு, ஆகாதத சாயங்காலம் கொண்டாந்துர்றேன்."

பாய் விழித்தார். இந்தச் சாமானை அப்படியெல்லாம் வெளியே கொடுத்துவிடும் வழக்கம் இல்லை என்றார்.

"சேலக் கடையில நாலு சேலய வீட்டுக்குக் குடுத்து விடுறாங்கல்ல? மேல வச்சுப் பாத்துட்டு ஒண்ண எடுத்துக்கிட்டு மிச்சத்தத் திருப்பித் தரலையா? எங்கூரு கரண்டு ஒங்க கடையில இல்லையே பாய்."

பாய் தாடியைத் தடவினார். அவர் வாய் திறப்பதற்குள் அத்தை என் தோளைப் பிடித்து அங்கிருந்த ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டாள்.

"இவ இங்கனயே இருக்கட்டும். எங்கண்ணன் மக."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டிய பொருளாகவே என்னை நினைத்துக்கொண்டேன். கடைக்குப் பின்னாலேயே பாய் வீடு. அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். பாய் ஓர் உடைந்த கீபோர்டைக் கொடுத்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் அடகில் இருக்கும் விவரத்தை நானே சொன்னேன். என் அத்தையைப் போல யாருக்கு வாய்க்கும் என்றிருந்தது.

சாயங்காலம் அத்தை இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். மோட்டார்கள் கிளம்பும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாக மாட்டியிருக்கிறாள். கொட்டை எழுத்துக்காரன் ட்யூப்லைட் மங்கியதுமே படுத்துவிட்டானாம். கனமானது அணைந்து அணைந்து எழுந்ததாம். மூன்றாவது, லைட்டே அணைகிற மாதிரி போன நேரத்திலும் அசையாமல் ஓடியிருக்கிறது. பாய் திருப்பி வந்தவற்றை வாங்கி வைத்துவிட்டு, இனிமேல் கிராமத்துக்காரர்களுக்கு இப்படித்தான் கொடுக்கவேண்டும் போலிருக்கிறது என்று மனமாரச் சொன்னார். டீ வரவழைத்தார். டம்ளரை வாங்கிய அத்தை குடிக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வந்த அலைச்சல் என்று நினைத்தேன்.

அந்த எஸ்.எம்.பி.எஸ். பல கோடைகளைத் தாண்டியது. அப்பா மில் பேச்சை அதன்பிறகு எடுக்கவே இல்லை. என் கல்யாணப் பத்திரிகையையும் அத்தைதான் போட்டாள். அது திரையில் உருவாகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, நான் மட்டும் அடகுக்கு இருந்திராவிட்டால் பாய் கொடுத்தே இருக்கமாட்டார் என்று பெருமையடித்தேன். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாய் சும்மாவே குடுத்திருப்பாரு ஆத்தா. சரின்னு தலையாட்டப் போனாரு, நாந்தான் முந்திக்கிட்டேன். நம்ம வீட்டுல அப்ப எர்த் கெடையாது. ரெண்டாவது கருகுனப்ப பெட்டியத் தொட்டேன், ஷாக்கு தோள் வரைக்கும் இழுத்துருச்சு. நீ வீட்டுல இருந்தா என் கைக்குள்ளயே வந்து நிப்ப."

அத்தைக்குப் பயம் என்பதே கிடையாது என்று பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நான் பாய் வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஆளில்லாத வீட்டில் தனியாக நின்று, பயந்து பயந்து மூன்று முறை ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.