எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவர்

ஒக்கோவா மலைக் கிராமங்களில் முப்பது வருடம் சனிக்கிழமை என்றால் பெலார்மினியோவும் சுனில்தாவும்தான். அவர் ஆண்களுக்கு முடி வெட்டுவார். அவர் மனைவி சுனில்தா பெண்களுக்குத் தலை அலசி, குழல் வைத்துச் சுருட்டிவிடுவாள். அந்தப் பழைய எழுபது சி.சி. வண்டியின் பின்னால் அவள் உட்கார்ந்து வந்த அழகே தனி. மறுநாள் தேவாலயப் பூசைக்கு மலையே புதுத்தலையோடு கிளம்பும். அதெல்லாம் ஒரு காலம்.

சுனில்தா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பெலார்மினியோ இன்னும் போய்வருகிறார், ஆண்களுக்கு மட்டும். ஆனால் அவள் போனதிலிருந்து வண்டிக்கு ஒரு கோளாறு. திரும்பி இறங்கும்போது மாமரத்து வளைவில் பின் பிரேக் கைவிட்டுவிடும். மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. போன மாதம் ஒருவருடைய முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் போய்த்தான் நின்றார். சேதி தலைநகரில் இருக்கும் மகள் யோகாஸ்தாவுக்கு எட்டிவிட்டது.

"இன்னொரு தடவ பிரேக் போச்சுன்னு கேள்விப்பட்டேன், வண்டிய வித்துட்டு உன்னை இங்க கூட்டிட்டு வந்துருவேன்ப்பா," என்றாள் போனில். சொன்னால் செய்கிறவள். அப்பனின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது.

மெக்கானிக் நெரெய்தா மூன்று தடவை பிரேக் ஷூ மாற்றிவிட்டாள். ஊருக்குள் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் மிதித்த இடத்தில் நிற்கிறது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு பெரியவரே. உங்களுக்குத்தான் கண்ணு தெரியல."

"கண்ணு தெரியாமத்தான் உன் புருஷனுக்குக் காது தப்புற மாதிரி முடி வெட்டுறேனாக்கும்?"

சிரித்துக்கொண்டே அவள் மறுபடி சக்கரத்தைக் கழற்றினாள். ஷூ உரசும் டிரம்முக்குள் நீலம் பாய்ந்திருந்தது. மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத ஷூ கண்ணாடி மாதிரி மின்னியது. அவள் சிரிப்பு நின்றது.

"இது தேய்மானம் இல்ல, சூடு. நீங்க எப்படி இறங்குறீங்கன்னு நான் பாக்கணும்."

அந்தச் சனிக்கிழமை அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். முடிவெட்டு முடிந்து திரும்பினார்கள். முதல் இறக்கம் வந்ததும் பெலார்மினியோவின் கால் கியரை நியூட்ரலுக்குத் தள்ள, கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது. எஞ்சின் அடங்கிவிட்டது.

"ஏன் அணைச்சீங்க?"

"பெட்ரோல் மிச்சம்."

"பொய் சொல்லாதீங்க. எஞ்சின் இழுத்துப் பிடிக்காம மலை பூரா அந்த ஒத்தப் பிரேக்கே தாங்குனா, கொதிக்காம என்ன செய்யும்?"

அவர் ஒரு வளைவை ஒடித்துத் திருப்பினார். பிறகு, "அவகூடப் பேசுறதுக்கு," என்றார்.

ஏறும்போது எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இறங்கும்போதுதான் சுனில்தா வாய் திறப்பாள். யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, அன்றைக்கு யார் காபியில் சர்க்கரை போடவில்லை என்று அத்தனையும் அவர் காதுக்குள் வந்து சேரும்.

"அப்ப இத்தன வருஷம் ஏன் பிரேக் போகல?"

"பாதியில ஊத்துகிட்ட நிறுத்தச் சொல்லுவா. காலு மரத்துப்போச்சும்பா. நானும் திட்டிக்கிட்டே நிறுத்துவேன். இப்ப நிறுத்தச் சொல்ல யாரு இருக்கா?"

"அங்க நின்னதுலதான் டிரம் ஆறியிருக்கு, பெரியவரே."

அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். முப்பது வருடம் அவளைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தது தான்தான் என்று நினைத்திருந்தார். அவரைக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்.

"இனிமே எஞ்சின ஓடவிட்டு ரெண்டாவது கியர்லயே இறங்குங்க," என்றாள் நெரெய்தா. "பிரேக் போகாது. வண்டியும் உங்கள விட்டுப் போகாது."

"அந்தச் சத்தத்துல அவளுக்குக் கேக்காதேம்மா."

நெரெய்தா இறங்கிச் சூடான டிரம்மைத் தொட்டுக் கையை உதறினாள். "கத்திப் பேசுங்க," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மலையேறி வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வண்டி இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்கியது. மாமரத்து வளைவில் மிதித்தார், பிரேக் பிடித்தது. பெலார்மினியோ தலையைப் பின்னால் திருப்பி, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்:

"சுனில்தா! உம்மக வண்டிய விக்க மாட்டா! கேக்குதா?"