நாலு கோட்டு நாலு

பிரஷர் பார்க்க டாக்டர் முள்ளு சாரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே, இவர் மீட்டரை உற்றுப் பார்த்துச் சொன்னார்: “முள்ளு ரொம்பத் தடிமன் டாக்டர். நுனியைக் கொஞ்சம் இழைச்சிருக்கலாம்.”

“நீங்க பிரஷரைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்” என்றார் டாக்டர்.

வட்டமாக எதைக் கண்டாலும் இவருக்கு இப்படித்தான். லட்சக்கணக்கில் விலைபோகும் கைக்கடிகாரங்களுக்கு முகம், அதாவது டயல், வரைவது தொழில். கம்பெனியில் ‘முள்ளு சார்’ என்றுதான் பெயர். தட்டில் வெள்ளரித் துண்டுகளை வைத்தால், விளிம்போரமாகப் பன்னிரண்டை அடுக்கிய பிறகே வாயில் போடுவார். பதினொன்றுதான் இருந்தால் சமையலறைப் பக்கம் பரிதாபமாகப் பார்ப்பார்.

இளவயதில் இவருக்கு எல்லாமே வேண்டும். ஒரே டயலில் நிலா, நட்சத்திரம், கிழமை, பறக்கும் கொக்கு. மணி எங்கே என்று கேட்டால், “கொக்குக்குப் பின்னாடி” என்பார். நாற்பதில் ஞானம் பிறந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். எண்கள் போயின, நொடி முள் போயிற்று. கடைசியில் மிஞ்சியது கறுப்பு டயலில் கறுப்பு முள். அதைக் கட்டிக்கொண்டு போன மைத்துனன் ரயிலைக் கோட்டைவிட்டான்.

“மாமா, இதுல மணியே தெரியலையே!”

“மணி பார்க்கத்தான் போன் இருக்கே மாப்ளே. இதை நீ ரசிக்கணும்.”

ஐம்பதைத் தாண்டியதும் மரபின் மேல் காதல் வந்தது. பழங்காலத்து டயல்களை லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண் கலங்குவார். அப்படிப் பிறந்ததுதான் புதுக் கடிகாரம்: வெள்ளை டயல், நீல முள், ரோமன் எண்கள். நாலுக்கு மட்டும், அந்தக் காலத்துக் கடிகாரக்காரர்கள் போட்டதுபோலவே, வரிசையாக நாலு நேர்க்கோடு. ஐந்து மாதம் உட்கார்ந்து வரைந்தார்.

இவர் மனைவி கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களோடு அந்த ஓவியமும் கலந்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால், நாலைச் சுற்றிச் சிவப்பு மையில் அழுத்தமாக ஒரு சுழி.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட! நாளைக்கு முதலாளியம்மாகிட்ட காட்டணும்!”

“தப்பா இருந்துச்சு, சுழிச்சேன். ரோமன்ல நாலுன்னா ஒரு கோடு போட்டுப் பக்கத்துல வி போடணும். ஆறாங்கிளாஸ் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“அது தப்பில்லம்மா, மரபு! எதிர்ல எட்டு எவ்ளோ கனமா உக்காந்திருக்கு பாரு. இந்தப் பக்கம் நாலு கோடு நின்னாத்தான் டயல் சாயாது.”

“எத்தனை வருஷமாப் போட்டாலும் தப்பு தப்புதாங்க. பாவம், வேணா அரை மார்க் தரேன்.”

மறுநாள் வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய் நீட்டினார்; முதலாளியம்மா ஓவியத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தச் சிவப்பு வளையம் இருக்கே… முப்பது வருஷத்துல நீங்க பண்ணின தைரியமான வேலை இதுதான்.”

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

“அது நான் போட்டது இல்லம்மா. என் வீட்டுக்காரி தப்புன்னு சுழிச்சது.”

முதலாளியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “அப்போ அவங்களைக் கேட்டுட்டு அப்படியே போட்டுடுங்க.”

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “வளையத்தை மெலிசாக்கி மழுப்பக் கூடாது. தப்புன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

மழுப்பவில்லை. விற்பனைக்கு வைத்த ஐம்பது கடிகாரமும் ஒரே வாரத்தில் விற்றுப்போயின. வாங்கியவர்கள் அந்த வளையத்துக்கு ‘மாலைச் சூரியன்’ என்றும் ‘காலத்தின் காயம்’ என்றும் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் கடிகாரம் டீச்சருக்கு. தினம் சாவி கொடுத்தால்தான் ஓடும். அது டீச்சருக்கு நினைவிலேயே நிற்பதில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு கையையும் தூக்கி டீச்சர் கொண்டை போடுகிறபோது, முள்ளு சார் பின்னால் வந்து நிற்கிறார். ஆடி அசையும் அந்த மணிக்கட்டோடு கூடவே தன் விரல்களையும் கொண்டுபோய், குமிழைப் பிடித்துச் சாவி கொடுக்கிறார். பிறகு கண்ணை மூடி, காதைக் கொண்டைக்குப் பக்கத்தில் வைத்து அந்த டிக் டிக்கைக் கேட்கிறார்.