நலம் விசாரிக்காத வீடு

1986இல் பாவாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய முதுகுவலிக்கு வயது ஆறு. கிள்ளானில் தம்பி மைதீனோடு நடத்திய துணிக்கடையில் பட்டுப் பிரிவு அவர் பொறுப்பு. ஏணியிலிருந்து விழுந்த காயம் என்றோ ஆறிவிட்டது; வலி போகவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து படுக்கைதான். நோன்புப் பெருநாள் வரை அவர் இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று மைதீன் சொல்லியிருந்தார்.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் உளவியலாளர் இந்திரா, பாவாவைப் பார்த்து முடித்ததும் அவர் மனைவி காத்தூன் பீவியைத் தனியாக அழைத்தார்.

"வலியப் பத்தி யாரும் கேக்காதீங்கம்மா. முனகினா ஓடிப்போய்த் தைலம் தேய்க்காதீங்க. எழுந்து நடந்தா பக்கத்துல உக்காந்து பேசுங்க. எல்லாரும் வலியையே கவனிச்சா அது வளரும். ஏன் இப்படிச் செய்றோம்னு அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

காத்தூன் பீவி எல்லாவற்றையும் செய்தார், கடைசியைத் தவிர. சொன்னால் பலிக்காது என்று நினைத்தார்.

நோயாளி வீட்டுக்கு மைலோ டின்னோடு போய், எங்கே வலிக்கிறது என்று கேட்பது அவர்கள் தெருவில் கடமை. அதைக் காத்தூன் பீவி வாசலிலேயே தடுத்ததில் பக்கத்து வீட்டு சௌதாவுக்குக் கோபம்.

"விசாரிக்காம வேற எதுக்கு லாத்தா வர்றது? உங்க வீட்டு டிவி பாக்கவா?"

"டாக்டர் ஆர்டர்லா, சௌதா. மழை, மீனு, எதையாவது பேசு."

"மீனைப் பாசார்லயே பேசிக்கிறேன்."

வருகிறவர்கள் குறைந்தார்கள். வீட்டுக்குள், பாவா எழுந்து நடந்தால் காத்தூன் பீவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்; பேச்சுதான் வரவில்லை. ஆறு வருடமாக வலியைத் தவிர வேறு எதையும் பேசாத இருவருக்கும் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை.

தீராத நோயை நோயாளியிடம் சொல்லாத குடும்பம் அது. எல்லாரும் கேட்பதை நிறுத்தினால் அதற்கு ஒரே பொருள்தான் என்று பாவா எடுத்துக்கொண்டார். அழவில்லை. கூடம் வரை நடந்துபோய் மைதீனுக்கு போன் போட்டார்.

"தம்பி, பட்டுக்கு ஆள் போட்டுக்க."

"நானா, பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கே?"

"எனக்கு இல்ல."

விசாரிக்கக் கூடாது என்று மைதீனிடமும் சொல்லியிருந்தார்கள். அவர் விசாரிக்கவில்லை. பூச்சோங்கிலிருந்து ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார்.

செய்தி காத்தூன் பீவிக்கு எட்டியதும் கணவரிடம் போனார். பாவாதான் முதலில் கேட்டார்.

"நான் போயிருவேன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"யாரு போறது? கேக்காம இருந்தா வலி அடங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவ்வளவுதான்."

"அத என்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா பலிக்காதுன்னு நெனச்சேன்."

 பாவா "சரி" என்றார். மகிழ்ச்சியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. முதுகு எப்போதும் போல வலித்தது.

அடுத்த முறை இந்திரா இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். பெருநாள் கழிந்த வாரம் பாவா கடைக்குப் போனார். பட்டுப் பிரிவில் பூச்சோங்காரர் இருந்தார். பாவாவுக்குக் கைலிப் பிரிவு கிடைத்தது, தினமும் மதியம் வரை.